சினைக்கும் மீனுக்கும் நடுவே

பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. ஏரிக்கரையில் உள்ள இந்தச் சிற்றூரில் 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. தலைமுறைகளாக வாழும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும், மீனவக் குப்பங்களின் அம்மன் கோயில்களும் இருக்கின்றன. தாயின் வயிற்றில் மனித உயிர் எப்போது தொடங்குகிறது? இந்த மூன்று மரபுகளையும் கேட்டால் ஒரே விடை வராது.

கேள்வி பழையது, அதை அவசரமாக்கியது அறிவியல். கருவுற்ற ஐந்தாம் நாளில் மனிதக் கரு என்பது நூறு, இருநூறு செல்கள் திரண்ட நுண்ணிய உருண்டை. அதன் உள்ளே இருக்கும் செல் கொத்து உடலின் எந்த உறுப்பாகவும் வளரக்கூடியது. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் அந்த ஸ்டெம் செல்களை முதன்முதலில் பிரித்து வளர்த்தார். நரம்பு நோய்களுக்கும் பார்வை இழப்புக்கும் மருந்தாகலாம் என்ற நம்பிக்கை அன்றே பிறந்தது. ஆனால் செல்லை எடுத்தால் கரு அழிந்துவிடும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1987-இலும் 2008-இலும் தெளிவாகச் சொன்னது: கருவுற்ற கணத்திலிருந்தே அதை மனிதராக மதிக்க வேண்டும். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் கருவில் ஆன்மா ஊதப்படுவது 120-ஆம் நாளில் என்கிறார்கள். நம் பழைய நூல்களோ தமக்குள்ளேயே முரண்படுகின்றன. சரக சம்ஹிதை, கருவுறும்போதே ஆன்மா சேர்கிறது என்கிறது. கர்ப்ப உபநிடதம் ஏழாம் மாதம் என்கிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் கரு மாதந்தோறும் தப்பிவரும் ஆபத்துகளை அடுக்குகிறார். முதல் மாதத்து ஆபத்து, கரு இரண்டாகப் பிளவுபடுவது என்று உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள்.

அந்தப் பிளவைத்தான் நவீன அறவியலும் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 14-ஆம் நாள்வரை ஒரே கரு இரட்டையராகப் பிரியலாம். இரண்டு பேராகக்கூடிய ஒன்றை ‘ஓர் ஆள்’ என்று எப்படிச் சொல்வது? நரம்பின் சுவடுகூட அப்போது இல்லை, வலியும் இல்லை. 1984-இல் பிரிட்டனின் வார்னக் குழு கரு ஆராய்ச்சிக்கு 14 நாள் எல்லையைப் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளும் அதே கோட்டைத்தான் போட்டிருக்கின்றன.

பெங்களூரில் நடந்த ஒன்றைப் பார்த்தால் விவாதம் மண்ணுக்கு வரும். ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தார் குழுவினர் இரண்டு ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கி, 2009-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவற்றுக்கு மூலம், கருத்தரிப்பு சிகிச்சையில் மூன்றாம் தரம் என்று ஒதுக்கப்பட்ட கருக்கள். அவை கருப்பைக்குள் வைக்கத் தகுதியற்றவை, கழிக்கப்பட இருந்தவை.

‘எப்படியும் அழியப்போவதுதானே’ என்ற வாதம் மட்டும் போதாது. தூக்குத் தண்டனைக் கைதியும் சாகப்போகிறவர்தான். அதற்காக அவர் உடலில் பரிசோதனை செய்ய யாரும் ஒப்பமாட்டோம். ஆகவே கரு அந்த நிலையில் இன்னும் ஓர் ஆள் இல்லை என்ற வாதமும் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி நியாயமாகிறது. ஆள் இல்லை என்பதாலேயே அது குப்பையாகிவிடாது என்பதும் உண்மை.

பழவேற்காட்டுக் கரையில் வாழ்பவர்களுக்கு இந்த நடுநிலை புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் ஓடக்கூடாது. மீன்கள் இனம்பெருக்கும் காலம் அது. சினையை யாரும் மீன் என்பதில்லை, குழம்பு வைத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். ஆனாலும் அந்தச் சினைக்காக ஒரு கடற்கரையே விசைப்படகுகளை நிறுத்திவைக்கிறது. மனிதக் கருவின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. காட்ட வேண்டிய மரியாதையும் அப்படித்தான்.

கருவைத் தொடாமலே வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியின் தோல் செல்களையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கினார்; அடுத்த ஆண்டே மனித செல்லிலும் அது கைகூடியது. 2012-இல் நோபல் பரிசு பெற்றார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் மரபணு சேர்த்து, கடும் ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்குச் சிகிச்சை தந்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஆனால் 2025-இல் வெளியான பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய் ஆய்வு ஒன்றில் 12 பேரின் மூளைக்குள் வைக்கப்பட்ட நரம்பு செல்கள் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவை. ஒரு வழி திறந்ததால் மற்றது மூடப்படவில்லை.

எனவே ஆராய்ச்சி நடக்கட்டும், நிபந்தனையோடு. அதற்கென்றே கருவை உருவாக்கக் கூடாது. விலை பேசக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் உதவிக் கருத்தரிப்புச் சட்டப்படி கருவைப் பத்து ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். அறத்தின் பாரமெல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறது. புரியாத ஆங்கிலத் தாளில், குழந்தை ஏக்கத்தின் உச்சத்தில், மருத்துவர் நீட்டிய இடத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறவர்கள் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். மிஞ்சும் கருக்கள் என்னவாகும் என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிகிச்சை தடைபடாது என்பதை உறுதிசெய்துகொண்டு, வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு கையெழுத்திடுங்கள்.