வழி விலக்கும் கைங்கரியம்

கைங்கரியம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் திருமாலை கட்டுதலும், திருவிளக்கிடுதலும், எம்பெருமானை ஸ்ரீபாதம் தாங்குதலுமே அடியார்களின் நினைவுக்கு வருகின்றன. திருவிழா நாளில் ஊரின் எல்லையில் ஊதலும் கையுமாக நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவரை எவரும் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பெருமாளுக்கு முதுகு காட்டி நிற்கிறார். புறப்பாட்டின் மேள ஒலி காதில் விழுகிறதேயன்றித் திருமேனி கண்ணில் படுவதில்லை. ஸேவிக்க வந்தோரை நிறுத்தி வைப்பதே பணியாகக் கொண்ட ஒருவருடைய உழைப்பு கைங்கரியமாகுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

தென்காசியைச் சூழ்ந்த இலத்தூர் முதலிய ஊர்களுக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலை நாடும் வண்டிகளும், கார்த்திகை முதல் தை வரையில் செங்கோட்டை, புளியரை வழியாகச் சபரிமலைக்கு ஏகும் வண்டிகளும் இவ்வட்டாரத்துச் சாலைகளை நிறைக்கின்றன. பங்குனித் திருவிழாவாயின் பிசான அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடிட்டுவிட்டால் வண்டிகளுக்கு இடம் கிடைத்துவிடும். மார்கழி வைகுண்ட ஏகாதசியிலோ வயலெல்லாம் பயிர். சாலையோரத்தைத் தவிர வேறு இடமில்லாத அந்த நாளில்தான் மலைக்குப் போகிறவர்களின் வண்டிகளும் அச்சாலையிலேயே வருகின்றன.

இப்பணியை மேற்பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டுவன சில உண்டு. வரும் வழியும் போகும் வழியும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். வண்டிகளை வெளியே செல்லும் திசை நோக்கி நிறுத்தச் செய்தல் வேண்டும். மாலை முழுவதும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்த கூட்டம், தேர் நிலைக்கு வந்தவுடன் ஒரே சமயத்தில் புறப்பட முற்படும். ஆதலின் வரவைவிடப் போக்கே கடினமானது. யாவற்றினும் முதன்மையானது, தீயணைப்பு வண்டியும் நோயாளர் ஊர்தியும் எந்நேரமும் நுழையும்படி ஒரு வழியைத் திறந்தே வைத்திருப்பது. இத்தகைய ஊர்திகளுக்கு வழிவிடாதவர்க்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. கோவில் வாசலருகே குறுக்கே விடப்பட்ட ஒரே ஒரு கார், மயங்கி விழுந்த முதியவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும். அந்தக் காரை அங்கே விடவொட்டாமல் தடுத்தவரை யாரும் வாழ்த்தப் போவதில்லை. தடுக்கப்பட்டவரின் ஏச்சு மட்டும் அவருக்கு உறுதி!

வழி விலக்குதலில் உள்ள புண்ணியத்தையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டுவது திருப்பாணாழ்வாரின் சரிதம். திருவரங்கத்தில் பெருமாளின் திருமஞ்சனத்திற்காகக் காவிரி நீர் எடுத்துவந்த லோகசாரங்க முனிவர், வழியில் தம்மை மறந்து நின்ற பாணரை விலகச் சொன்னார். பாணர் காதில் அது விழவில்லை. முனிவர் கல்லெறிந்தார், பாணர் நெற்றியில் குருதி பெருகிற்று. முனிவர் செய்துகொண்டிருந்தது பெருமாளின் காரியமே. அவருடைய அவசரமும் பெருமாளுக்காகவே. ஆயினும் அரங்கன் அதை ஏற்றானல்லன். விலக்கிய பாணரைத் தோளில் சுமந்து தன் ஸந்நிதிக்குக் கொணருமாறு அம்முனிவருக்கே கட்டளையிட்டான். அதனால் ஆழ்வாருக்கு முனிவாகனர் என்னும் திருநாமம் உண்டாயிற்று. வழி விலக்கியவரே வாகனமானார்! வழியை மறைத்து நிற்பவன் செருக்கினால் நிற்கிறானா, செவி கேளாமல் நிற்கிறானா, வெளியூரான் ஆதலால் திகைத்து நிற்கிறானா என்று பாராமல் தடியை ஓங்கும் தொண்டர், பாகவத அபசாரத்தின் விளிம்பில் நிற்கிறார்.

ஜய விஜயர்களின் வரலாறும் இதற்கு இனமானதே. வைகுண்டத்தில் ஏழாம் வாயிலில் ஸனகாதி முனிவர் நால்வரை அவர்கள் தடுத்தனர். காவலர் தடுப்பது குற்றமன்று. தோற்றத்தைக் கொண்டு ஆளை மதிப்பிட்டதே குற்றம். இக்கதையில் பலரும் கவனியாத இடம் ஒன்றுண்டு. ஆரவாரம் கேட்டு எழுந்தருளிய எம்பெருமான், பணியாளர் செய்த பிழை தன் பிழையே என்று முனிவர்களிடம் கூறுகிறான். ஊதல் கொடுத்து ஒருவரை நிறுத்திய விழாக் குழுவினர் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியாயின் கயிற்றை எவருக்கும் தளர்த்தாமலிருப்பதே நீதியா? அதுவும் பொருந்தாது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை காஞ்சியில் 48 நாட்கள் நிகழ்ந்த அத்திவரதர் வைபவத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஸேவித்தனர். வெளியூர் வண்டிகள் நகர்ப்புறத்தே நிறுத்தப்பட்டன. அங்கிருந்து மக்களைப் பேருந்துகள் கொண்டுவந்து சேர்த்தன. அதே நேரத்தில் முக்கியஸ்தர்களுக்கெனத் தனிச் சீட்டும் தனி வழியும் இருந்தன. ஜூலை 18 அன்று நெரிசலினிடையே சிலர் உயிர்நீத்த செய்தி நாட்டையே வருத்திற்று. கோடிப் பேருக்கு விதி வகுப்பது எளிதன்று என்பது மெய்யே. ஆனால் விதிவிலக்கு யாருக்கு என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. நடக்கவியலாத மூதாட்டி, கருவுற்றவள், கைக்குழந்தையுடன் வந்தவள் ஆகியோர்க்குக் கயிறு தாழ வேண்டும். காரின் முகப்பிலுள்ள கொடிக்காகத் தாழுமாயின், வரிசையில் நிற்கும் ஆயிரவரும் அக்கணமே விதியின்மீது நம்பிக்கை இழக்கின்றனர். அதன்பின் ஊதலுக்கு ஒருவரும் கட்டுப்படுவதில்லை.

எஞ்சியிருப்பது, முதுகு காட்டி நின்றவரின் ஸேவை. அவருக்குப் பெருமாள் தாமே அங்கு வந்து அருளுவார் என்று சொல்லி முடிப்பது எளிது. அது பிறர் செலவில் சொல்லும் சமாதானம். இரண்டிரண்டு பேராக முறை வைத்து, புறப்பாட்டின்போது அரைமணி நேரமேனும் ஒருவரை விடுவித்து உள்ளே அனுப்புவது மேற்பார்ப்பவரின் பொறுப்பு. கடைசி வண்டி போகும் வரையில் அவர்களுக்கான பிரஸாதத்தை எடுத்து வைப்பது மடைப்பள்ளியின் பொறுப்பு.