மணமுடையது மண்

நியாய வைசேடிக மரபு உள்ளவை அனைத்தையும் திரவியம், குணம், கர்மம், சாமானியம், விசேடம், சமவாயம், அபாவம் என 7 பதார்த்தங்களாக வகுக்கிறது. வகுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் குற்றமற்ற இலக்கணம் வேண்டும். பசுவைக் கபில நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு விடுபடும், இது அவ்வியாப்தி. கொம்புடையது என்றால் எருமையும் உள்ளே வரும், இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடையது என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, இது அசம்பவம். கழுத்தடியில் தொங்கும் அலைதாடியை உடையது என்பதே ஏற்கப்பட்ட இலக்கணம்.

17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகம் மண்ணை மணமுடையது என்று வரையறுக்கிறது. எளிமையான இலக்கணம்தான். ஆனால் தம் நூலுக்குத் தாமே எழுதிய தீபிகை உரையில் அவரே அதற்குத் தடைகளை எழுப்புகிறார். இந்த நேர்மைதான் அந்த உரையின் பெருஞ்சிறப்பு. நீரிலும் மணம் வீசுகிறதே என்றால், அது நீரில் கலந்த மண்கூறுகளின் மணம் என்பது விடை. மற்றொரு தடை கடினமானது. தோன்றிய முதற்கணத்தில் எந்தப் பொருளுக்கும் குணமில்லை என்பது இம்மரபின் கொள்கை. அப்படியானால் அந்தக் கணத்து மண்குடத்தில் மணம் ஏது? எனவே இலக்கணம் திருத்தப்படுகிறது: மணம் இருக்குமிடத்தில் தானும் இருப்பதும், திரவியத்தன்மைக்குள் அடங்குவதுமான ஒரு சாதியை, அதாவது பொதுத்தன்மையை, உடையது மண். முதற்கணக் குடத்திலும் அந்தச் சாதி உண்டு. ஆகவே அது விடுபடுவதில்லை.