யாருடைய அழுக்கு?

குரும்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சட்டையைத் துவைப்பதும், பிறகு அதே செடிகளுக்குள் நுழைந்து பஞ்சு எடுப்பதும் பெண்கள். துவைத்த தண்ணீர் மண்ணில் இறங்கிவிடுகிறது. சட்டை வெளுத்துவிட்டது, சரி. அழுக்கு எங்கே போனது?

விவசாயத்தில் டி.டி.டி. 1989இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கடையிலிருந்து போனவை நிலத்திலிருந்தும் உடனே போய்விடுவதில்லை. இவை தண்ணீரில் எளிதில் கரையாமல் களிமண்ணையும் மக்கையும் பற்றிக்கொள்பவை. மழையில் அரித்த மண்ணோடு ஏரிக்குப் போய் வண்டலாகப் படியக்கூடியவை. நூறு நாள் வேலையில் அந்த வண்டலை வெட்டிச் சட்டியில் சுமப்பவர்களும் பெண்களே. (வண்டல் நல்ல உரம், அதை நான் பழிக்கவில்லை.) அதில் வேறு என்ன இருக்கிறது என்று சுமப்பவளிடம் யாரும் சொல்வதில்லை.

நாம் சுத்தம் என்பது பல நேரம் இடமாற்றம்தான். பருத்தி போன்ற பயிர்களுக்குச் செவின் என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த போபால் ஆலையின் கழிவில் 337 டன், விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் பீதம்பூருக்கு லாரிகளில் போனது. அங்கே எரிக்க வேண்டாம் என்று பீதம்பூர் மக்கள் போராடினார்கள். எரித்தார்கள். ஆலையைச் சுற்றி நஞ்சேறிய மண்ணும் நிலத்தடி நீரும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடியவர்களில் ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் உண்டு.

நஞ்சை நகர்த்தாமல் சிதைக்கவும் வழி இருக்கிறது. தொழுவுரமும் மக்கும் ஈரமும் கொடுத்தால் மண்ணின் நுண்ணுயிர்கள் சில நஞ்சுகளை மெல்ல மெல்ல உடைக்கும். பல பருவங்கள் பிடிக்கும் வேலை. இங்கேதான் எனக்குப் பயம். 'நிலம் தாய், தாய்தான் தாயைக் காப்பாள்' என்று பாட்டுப் பாடி எருக்கூடையை நம் தலையில் ஏற்றிவிடுவார்கள். பட்டா அவர் பெயரில், கூடை இவள் தலையில். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மருந்து விற்று லாபம் பார்த்தவர்களின் வாசலுக்கு அந்தக் கணக்கு போக வேண்டும். எருக்கூடை சுமப்பவளுக்கு அதில் கூலியும் எழுதப்பட வேண்டும்.

கணக்கு எழுத முதலில் அளக்க வேண்டுமே! விவசாயிகளுக்குக் கொடுக்கும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல் சத்திலிருந்து துத்தநாகம், போரான் வரை. பூச்சிமருந்து எச்சத்துக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.