நோய் என்று ஒப்புக்கொண்ட பின்

ஜெர்மனியில் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவமனை நிதிச் சட்டம் செலவை இரு கூறாகப் பிரித்தது: கட்டடமும் கருவிகளும் மாநில அரசாங்கங்களின் பொறுப்பு, மருந்து, சம்பளம் முதலான அன்றாடச் செலவு காப்பீட்டு நிதியங்களின் பொறுப்பு. நோயுற்றவர், நோயற்றவர் என்ற பேதமின்றி மருத்துவமனை சமூகம் முழுமைக்கும் உரிய சொத்தாகையால், சுவரும் கூரையும் வரிப்பணத்தில் எழ வேண்டும் என்னும் நியாயம் அதில் அடங்கியிருந்தது. ஆயினும் மாநிலங்கள் ஆண்டுக்காண்டு தம் பங்கைச் சுருக்கிக்கொண்டே வந்தமையால், பழுதான கருவியை மாற்றுவதற்குக்கூடச் சிகிச்சைக்கென வந்த பணத்திலேயே கைவைக்கும் நிர்ப்பந்தம் மருத்துவமனைகளுக்கு உண்டாயிற்று. அதன் பாரத்தைச் செவிலியரும் சுமக்க நேர்ந்தது. 2025இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் பத்தாண்டுகளில் ஐயாயிரம் கோடி யூரோ வரை ஒதுக்க வழிசெய்திருக்கிறது. அது மருத்துவமனைகளுக்கான நிதி. போதைக்கு அடிமையானவர் முதன்முதலாக வந்து கதவைத் தட்டும் ஆலோசனை நிலையமோ பெரும்பாலும் நகராட்சிகளின் விருப்பச் செலவாகவே இருந்து வருகிறது. கஜானா வற்றும்போது முதலில் வெட்டுப்படுவது விருப்பச் செலவுதான்.

குடிக்கு அடிமையாதல் காப்பீட்டுச் சட்டத்தின்படி நோயே என்று அந்நாட்டுச் சமூக நலத்துறையின் உச்ச நீதிமன்றம் 1968இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்நோயாளிக்குரிய இடத்தைத் தர்ம காரியமாகக் கருதுவது எவ்விதத்தில் பொருந்தும்?

ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1991இல் மட்டும் 147 பேர் போதைப்பொருளால் மாண்டனர். பூங்காக்களில் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் விரட்டியதோடு நில்லாமல், 1994 முதல் அவர்கள் மேற்பார்வையின்கீழ் ஊசி போட்டுக்கொள்வதற்கான அறைகளையும் அந்நகரம் திறந்தது. அதற்குத் தெளிவான சட்ட அனுமதி 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. எளிதில் கழுவக்கூடிய மேசை, புத்தம் புதிய ஊசி, மூச்சு நின்றால் கைகொடுக்க ஆக்ஸிஜன், அருகிலேயே பயிற்சி பெற்ற ஊழியர் என்று அமைந்த அவ்வறைகளில் ஆடம்பரம் எதுவும் இல்லை. இன்றோ அந்நகரின் ரயில் நிலையத்தைச் சுற்றிய வீதிகளில் ஹெராயினை மிஞ்சிப் புகைக்கப்படும் கிராக் என்னும் போதைப்பொருள் பரவிவிட்டது. ஊசிக்கென அமைந்த அறை புகைக்கு உதவாது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் வேண்டும், தனித்த இடம் வேண்டும். நோய் உருமாறும்போது கட்டடமும் மாற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கான பணத்தைத்தான் எவரும் மனமுவந்து தருவதில்லை.

ஆட்சேபணைகள் அற்பமானவை அல்ல. தம் ஊர்ப் பிரசவ விடுதி மூடப்பட்டதால் நெடுந்தூரம் செல்ல வேண்டிய கர்ப்பிணி, போதைக்கு அடிமையானவர் தாமே தேடிக்கொண்ட கேட்டுக்கு ஏன் புதுக்கட்டடம் என்று கேட்டால், அக்கேள்வியைப் பழிப்பதற்கில்லை. ஆனால் நுரையீரல் நோயாளியிடம் எத்தனை சிகரெட் பிடித்தீர் என்று கணக்குக் கேட்டபின் படுக்கை தருவதில்லை; மிதமிஞ்சிய வேகத்தில் வண்டியோட்டி அடிபட்டவருக்கும் அறுவைச் சிகிச்சை அரங்கம் திறக்கிறது. அவர்களிடம் கேட்காத தகுதியைப் போதையால் நலிந்தவரிடம் மட்டும் கேட்பது அருவருப்புக்கு நியாயத்தின் வேஷம் போடுவதாகும். அதைவிட வலுவானது அக்கம்பக்கத்தாரின் குறை: நாடு முழுவதற்கும் உரிய துன்பத்தை ஒரு ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? இதற்குப் பதில் அறைகளை மூடுவதல்ல. பல நகரங்களில் அவற்றைக் கட்டுவதே. எங்கும் கட்டாதவர்களால்தான் ஒரே இடத்தில் கூட்டம் சேர்கிறது.

இவ்வறைகளால் மருத்துவச் செலவு மிச்சமாகிறது என்று வாதிடுவோர் உண்டு. மிச்சமாகலாம், எனினும் மிச்சமாகாவிட்டாலும் கடமை கடமையே.

2023ஆம் ஆண்டில் ஜெர்மனியில் போதைப்பொருளால் இறந்தோர் 2,227 பேர். சட்டம் அனுமதித்துக் கால் நூற்றாண்டு கடந்தும், பவேரிய மாநிலம் இத்தகைய அறை ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மருத்துவமனைக் கூரையைப் போலவே போதைநோயாளிக்கான இடத்தையும் அரசாங்கங்களின் கட்டாயச் செலவில் சேர்க்க வேண்டும்.