வெள்ளத்தில் வளையும் நாணல்



நாம் நெற்றி வைத்து ஸஜ்தாச் செய்யும் கோரைப் பாய் எங்கிருந்து வந்தது என்று எண்ணியதுண்டா? திருச்சி மாவட்டம் முசிறிப் பக்கம், காவிரிக் கரையோரத்தில் விளையும் கோரைதான் நெய்வோர் கைக்கு வந்து நம் தொழுகைக்கு விரிப்பாகிறது. அதன் இனமாகிய காட்டுக் கோரையும் நாணலும் ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்தோடும் காவிரி, கொள்ளிடம் கரைகளில் யாரும் நடாமலே வளர்கின்றன. வெறும் புல் என்று நாம் கடந்து போகிறோம். அல்லாஹ் எதையும் வீணுக்காகப் படைக்கவில்லை.

2018 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் கட்டப்பட்ட அணை அது. இரும்பும் கல்லும் பெயர்ந்த அந்த ஆற்றில்தான், நீர் வடிந்ததும் நாணல் தலை நிமிர்வதைக் காண்கிறோம்.

எப்படி? வெள்ளம் தேங்கிய மண்ணில் காற்று இராது, வேர் அழுகிவிடும். ஆனால் கோரையின் தண்டுக்குள்ளே பஞ்சு போன்ற காற்றறைகளை இறைவன் அமைத்திருக்கிறான். மேலிருந்து காற்று அவற்றின் வழியே வேர்வரை இறங்குகிறது. நாணலோ வெள்ளத்தை எதிர்க்காமல் வளைந்து கொடுக்கிறது. அதன் தாள்களிடையே நீரின் வேகம் தணிந்து வண்டல் படிகிறது. மண்ணுக்குள் படரும் தண்டும் வேரும் அந்த வண்டலைப் பிணைக்கின்றன. புதைந்த கணுவிலிருந்து புதுத்தளிர் கிளம்புகிறது. அரித்துப்போன கரை மெல்ல மேடாகிறது. பாலத்துக்குக் கல்லும் இரும்பும் வேண்டும்தான். மண்கரைக்கு வேர் வேண்டும்.

முஃமினை, காற்றில் சாய்ந்து மீண்டும் நிமிரும் இளம்பயிருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். நயவஞ்சகனையோ, விறைத்து நின்று ஒரேயடியாக வேரோடு சாயும் மரத்துக்கு ஒப்பிட்டார்கள். ஸப்ரு என்றால் கைகட்டிச் சும்மா இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நாணலைப் பாருங்கள்! வளைந்திருக்கும் வேளையிலும் அது மண்ணை விடுவதில்லை.

வாய்க்கால்களில் அடர்ந்து மிதக்கும் ஆகாயத்தாமரையையும் பார்க்கிறோம். பூ அழகுதான், ஆனால் அதன் வேர் மண்ணைப் பிடிப்பதில்லை. வெள்ளம் வந்தால் போய்விடும். வெள்ளத்தின் நுரை வீணாய்ப் போகும், மக்களுக்குப் பயன்படுவதே பூமியில் தங்கும் என்று ஸூரத்துர் ரஅது கூறும் உவமை நம் கண்முன்னே நிற்கிறது. நம் அமல்கள் நுரையா, வேரா?

இனி நம் செயலைப் பார்ப்போம். கரையின் நாணலுக்குத் தீ வைப்பவர் யார்? வீடு இடித்த கழிவையும், ஏன், குர்பானிக் கழிவையும்கூட ஆற்றோரம் கொட்டுபவர் யார்? அம்மா மண்டபப் படித்துறையில் நீராடும் மாற்றுமதச் சகோதரரும் நம் அண்டை வீட்டாரே. கரை உடைந்தால் வெள்ளம் யார் வீடென்று கேட்டு நுழையாது. கரையைக் கெடுப்பது அண்டை வீட்டாரின் ஹக்கில் கை வைப்பதாகும்.

கியாமத்து நெருங்கும் வேளையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத்து நாம். புதிதாக நட இயலாவிட்டாலும், அல்லாஹ் நட்டதைப் பிடுங்காதிருப்போம். வளையும் பணிவையும் மண்ணை விடாத உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.