ஒரு பவுண்டு ஹாப்ஸ்: சிக்கனமா, பேராசையா?

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோருக்கு அது 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதையே ஒரு பவுண்டாக, 16 பொட்டலத்துக்கு ஈடாக வாங்கினால் செலவு பெரும்பாலும் பாதிக்கு இறங்கிவிடும். 20 லிட்டர் காய்ச்ச இரண்டு மூன்று அவுன்ஸ் போதும். மிச்சம் ஃப்ரீசருக்குப் போகிறது. இன்றைய தேவைக்கு மேல் வாங்கி அடுக்குவது சிக்கனமா, பேராசையா?

அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் பொருள் சேர்ப்பதை இரண்டாகப் பிரிக்கிறார். குடும்பத்தின் தேவைக்குச் சேர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பணத்துக்காகப் பணம் சேர்ப்பதற்கு இல்லை. அந்த எல்லையை அமெரிக்கச் சட்டம், அரிஸ்டாட்டிலை நினைக்காமலே, வரைந்திருக்கிறது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அது சுமார் 757 லிட்டர், 38 தடவை அடுப்பேற்றும் வேலை. அதற்கு மேல் ஹாப்ஸ் வாங்குபவர் தேவைக்கு வாங்கவில்லை.

கிறிஸ்தவ மரபு இன்னும் கடுமையானது. விளைச்சல் பெருகியதால் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் கதை லூக்கா நற்செய்தியில் வருகிறது. நான்காம் நூற்றாண்டில் அதை விளக்கிப் பேசிய செசரேயாவின் பசில், பூட்டி வைத்த அப்பம் பசித்தவனுடையது என்றார். ஹாப்ஸ் யாருடைய பசியையும் ஆற்றாது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 2007-08இல் உலகெங்கும் ஹாப்ஸ் தட்டுப்பாடு வந்தபோது அந்தச் சாக்கு செல்லவில்லை. விலை எகிறி, சிறிய பீர் ஆலைகள் திண்டாடின. அப்போது போஸ்டன் பீர் நிறுவனம் தன் கையிருப்பில் ஒரு பகுதியைச் சிறிய ஆலைகளுக்கு அடக்க விலைக்கே கொடுத்தது. களஞ்சியம் வைத்திருப்பது குற்றமல்ல, தட்டுப்பாட்டிலும் அதைத் திறக்க மறுப்பதே குற்றம் என்று பசிலை வாசிப்பதே பொருத்தம்.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸுக்குப் பேராசை என்பது உடைமையின் மீதான அளவு மீறிய பற்று. மூட்டையின் எடையை வைத்து அதைக் கணக்கிட முடியாது. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஹாப்ஸ் விஷயத்தில் இதைச் சோதிப்பது எளிது, ஏனெனில் அது கெட்டுப்போகும். காற்றும் வெப்பமும் பட்டால் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலங்கள் சிதையும். விரலிடையில் தேய்த்தால் எலுமிச்சை மணத்துக்குப் பதில் பழைய சீஸ் வாடை அடிக்கும். காற்று நீக்கிய பையில் உறையவைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். அந்தக் கெடுவுக்குள் காய்ச்சித் தீர்ப்பவருக்கு மொத்தக் கொள்முதல் சிக்கனம். மலிவு என்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு மிஞ்சுவது சீஸ் வாடைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் லாம்பிக் பீர் காய்ச்சுவோர் ஹாப்ஸை வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் பழையதாக்குகிறார்கள். அவர்களுக்குக் கசப்பு வேண்டாம். வேண்டாத நுண்ணுயிர்களை அடக்கும் குணம் மட்டும் போதும். அந்தக் குணம் பழைய ஹாப்ஸிலும் எஞ்சியிருப்பதால் அந்த ஹாப்ஸைத் தாராளமாகக் கொட்டிக் காய்ச்சுகிறார்கள்.