நல்ல ஏரியா

"நல்ல ஏரியா மேடம், ஒரு தொந்தரவும் இருக்காது." மயிலாப்பூரில் காட்டிய ஐந்து வீடுகளுக்கும் தரகர் இதையேதான் சொன்னார். குளம், கோயில், ரயில் நிலையம், காய்கறிக் கடை எல்லாம் நடக்கிற தூரம். பொய்யில்லை. வீட்டுக்காரர்களிடமும் கேள்விகள் இருந்தன. தனியாகவா இருப்பீர்கள்? சைவமா? சொந்த ஊர் எது? மூன்றாவது கேள்விக்கு ஊரின் பெயர் மட்டும் போதாது, எந்தத் தெரு என்பதும் வேண்டும். அது ஏன் என்று நம் எல்லோருக்கும் தெரியும். முனைவர் பட்டமும் கல்லூரி வேலையும் இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. ஐந்தாவது வீடு கிடைத்தது.

இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பயமில்லாமல் நடந்துவர முடிந்தால் அது நல்ல இடம் என்பது அதுவரை என் அளவுகோல். தெருவைக் காப்பது முதன்மையாகப் போலீஸ் அல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்று அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் வெளிவந்த நூலில் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். என் தெருவிலும் கண்கள் உண்டு. பூக்கார அம்மாவின் கண்கள் என்னை வீடுவரை கொண்டுவந்து விடும். எதிர்வீட்டு பால்கனியின் கண்கள் யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று கணக்கெடுக்கும். காவலும் கண்காணிப்பும் ஒரே தெருவில் இருந்தன. அடக்கமாக இருக்கும்வரைதான் எனக்குப் பாதுகாப்பு.

வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். துரைப்பாக்கம் என்றார். இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார்: "கண்ணகி நகர்னு சொன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க மேடம். வேலை குடுக்க மாட்டாங்க. அதான் துரைப்பாக்கம்னு சொல்லிக்கிறது."

என்னிடம் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பேனா? உடனே ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்பு அவருடைய குடிசை என் வீட்டிலிருந்து கால்மணி நேர நடையில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்தது. நான்கு வீட்டு வேலைக்கு நடுவே ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருவார். நகரத்தின் குடிசைவாசிகளை 2000 வாக்கில் குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கியது. இவர் குடும்பமும் அப்படிப் போனதுதான். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டு பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமும் இல்லாமல் போனது. அவருக்குக் காசு மிச்சம். நேரம் மிச்சமில்லை. இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"அங்கே பயமாக இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு சண்டை போடுவானுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு லேட்டாச்சுன்னா பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பாங்க. உங்க ஏரியால யாரு வருவா மேடம்?"

ஆண்டுதோறும் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். கண்ணகி வாழ்ந்தது புகாரின் பெருவணிகர் குடியிருப்பில். மதுரையில் கவுந்தியடிகள் அவளை நம்பி ஒப்படைத்தது கோட்டைக்கு வெளியே, இடைக்குலப் பெண் மாதரியிடம். கோவலன் கொலையுண்டது மதிலுக்கு உள்ளே. இத்தனை வருடம் பாடம் எடுத்தும், அடைக்கலம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

நல்ல ஏரியா என்பது தானாக நல்லதாக இருப்பதில்லை. அதைப் பெருக்கித் துடைத்துச் சமைத்து நல்லதாக வைத்திருப்பவர்கள் மாலையானால் வெளியேறிவிட வேண்டும். அதையும் கணக்கில் சேர்க்காமல் ஓர் இடத்துக்கு மதிப்பெண் போட முடியாது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன், வாடகை கொடுத்துக்கொண்டு.

போன வாரம், புதிதாக எங்கள் துறைக்கு வந்த பேராசிரியை வீடு தேடுவதாகச் சொல்லி, "உங்க ஏரியா நல்லாயிருக்குமா?" என்று கேட்டார். ரயில் நிலையம் பக்கம், கடைகள் பக்கம் என்றேன். "ஆனா அங்க வேலை செய்யிறவங்க அங்க குடியிருக்க முடியாது" என்றும் சொன்னேன்.

"அவ்வளவு வாடகையா?" என்றார்.